கறிவேப்பிலைக்குக் கார்பன் டை ஆக்சைடு பை வாங்காதீர்கள்

டொராண்டோ பக்கம் இருக்கும் நம் வீடுகளில் செப்டம்பர் கடைசியில் கறிவேப்பிலைத் தொட்டி உள்ளே வந்துவிடும். டிசம்பரில் இலை மஞ்சளாகிக் கொட்ட ஆரம்பிக்கும். உடனே எனக்கு மெசேஜ்கள் வரும். முன்பெல்லாம் என்ன உரம் போடலாம், எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றலாம் என்றுதான் கேட்பார்கள். இப்போது கேள்வி மாறிவிட்டது. "அக்கா, குரோ டென்ட் வாங்கிட்டேன், லைட்டும் போட்டாச்சு, கார்பன் டை ஆக்சைடு பை ஒண்ணு தொங்கவிடச் சொல்றாங்க, வாங்கலாமா?" என்கிறார்கள். குரோ டென்ட் என்றால் உள்ளே விளக்கு கட்டிச் செடி வளர்க்கும் துணிக் கூடாரம், அந்தப் பை என்றால் உள்ளே காளான் பூசணம் வளர்ந்து மெதுவாகக் கார்பன் டை ஆக்சைடைக் கசியவிடும் பை. சிலர் சிலிண்டர் வரைக்கும் விலை விசாரித்துவிட்டு வருகிறார்கள்.

வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை ஒருமுறை முழுதாக எழுதிவிட்டால் எல்லோருக்கும் உதவும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், கார்பன் டை ஆக்சைடு கூடினால் செடி நன்றாக வளரும் என்பது பொய் இல்லை. டொராண்டோவிலிருந்து தென்மேற்கே போனால் லீமிங்டன் வரும், மைல் கணக்கில் கண்ணாடியும் பிளாஸ்டிக்குமாகப் பசுமைக்குடில்கள் நிற்கும் ஊர். நாம் கடையில் வாங்கும் ஒன்டாரியோ தக்காளி, வெள்ளரி, குடைமிளகாயில் பெரும்பகுதி அந்தச் சுற்றுவட்டாரத்தில் விளைவதுதான். அங்கே குளிருக்காக இயற்கை எரிவாயு எரிக்கிறார்கள், அதில் வரும் புகையைச் சுத்தமாக எரிந்ததா என்று சோதித்துச் செடிகளுக்கு நடுவே விடுகிறார்கள், உள்ளே 800 முதல் 1000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு) வரை வைத்துக்கொள்கிறார்கள். நெதர்லாந்தில் இன்னும் ஒரு படி மேலே போய், ராட்டர்டாம் துறைமுகப் பகுதித் தொழிற்சாலைகளில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடைக் குழாய் வழியாகவே பசுமைக்குடில்களுக்குக் கொண்டுபோகிறார்கள், 2005-லிருந்து இது நடக்கிறது. வீணாகும் வேலைக்கு யாரும் இவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள்.

அறிவியலும் சரியாகத்தான் இருக்கிறது. இலைக்குள் கார்பனைப் பிடிக்கிற நொதியின் பெயர் ரூபிஸ்கோ. அதற்கு ஒரு பலவீனம் உண்டு, கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து அவ்வப்போது ஆக்சிஜனைப் பிடித்துவிடும், அப்படிப் பிடித்ததைச் சரிசெய்யவே செடி தன் சக்தியில் ஒரு பங்கைச் செலவழிக்க வேண்டும். சுற்றியுள்ள காற்றில் கார்பன் டை ஆக்சைடு அதிகமாக இருந்தால் இந்தத் தவறு குறையும். கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி, தக்காளி, துளசி எல்லாம் இந்த வகைதான், சி3 என்பார்கள். நம் முளைக்கீரையும் தண்டுக்கீரையும் அப்படி இல்லை. அவை சோளம், கரும்பு போல சி4 வகை, கார்பன் டை ஆக்சைடைத் தாங்களே ஓர் இடத்தில் சேர்த்து, செறிவாக்கி, ரூபிஸ்கோவிடம் கொடுக்கும் ஏற்பாடு அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் பேஸ்மென்ட்டில் கீரை போடுகிறவர் பையைத் தொங்கவிட்டால், போதுமான தண்ணீர் இருக்கும்வரை கீரைக்கு அதனால் பெரிதாக எதுவும் ஆகாது. இதை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

சரி, லீமிங்டனில் தேவைப்படுவது நம் வீட்டில் ஏன் தேவைப்படாது? அந்தக் குடிலுக்குள் ஏக்கர் கணக்கில் செடி இருக்கிறது, ஆள் சொற்பம். குளிருக்காக ஜன்னல்களை மூடிவைத்தால் வெயில் ஏறிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் செடிகள் உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் தின்று 200 பி.பி.எம். வரை இறக்கிவிடும். வெளிக்காற்றிலேயே இப்போது 420-க்கு மேல் இருக்கிறது (1958-ல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்க ஆரம்பித்தபோது 315 சொச்சம்). அந்த அளவுகூட இல்லாமல் செடி பசியோடு நிற்கும், அதனால் அவர்கள் ஊட்டுகிறார்கள். நம் வீடோ நேர் எதிர். நாலு பேர், நாலு தொட்டி, குளிருக்கு இறுக்கி மூடிய ஜன்னல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம், எளிய கணக்குதான். ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ 1 கிலோ கார்பன் டை ஆக்சைடை மூச்சில் வெளியே விடுகிறார். ஒரு செடியின் காய்ந்த எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் இருக்கும். ஒரு கறிவேப்பிலைச் செடி குளிர்காலம் முழுக்க 100 கிராம் காய்ந்த எடை கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவே தாராளம். அதற்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 165 கிராம்தான். நீங்கள் அந்த அறையில் உட்கார்ந்து நாலு மணி நேரம் வேலை பார்த்தால் அவ்வளவும் வந்துவிடும். அதாவது ஒரு சீசனுக்கு வேண்டியது உங்கள் ஒரு மாலைப்பொழுது மூச்சில் இருக்கிறது.

இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். 10 அடிக்கு 10 அடி அறை, 8 அடி உயரம். அதன் காற்றை 420-லிருந்து 1000 பி.பி.எம்.-க்கு உயர்த்த 13 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு போதும். கதவைச் சாத்திவிட்டு ஒருவர் முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால் அந்த 13 லிட்டர் கிடைத்துவிடும்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னொரு நம்பிக்கையும் அடிபடும். படுக்கையறையில் நாலு செடி வைத்தால் காற்று சுத்தமாகிவிடும் என்று 1989-ன் நாசா ஆய்வைக் காட்டிச் சொல்கிறார்களே, அந்த ஆய்வு காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் வேறு வகை ரசாயன ஆவிகளுக்காகச் செய்தது. நாளைக்கு ஓரிரு கிராம் எடுக்கும் செடி, நாளைக்கு 1 கிலோ விடும் மனிதரோடு போட்டி போட முடியாது. ராத்திரி புளியமரத்தடியில் படுக்காதே என்று பாட்டி சொன்னதற்கும் இரவில் செடி விடும் கார்பன் டை ஆக்சைடைக் காரணமாகச் சொல்வார்கள், அதுவும் அளவில் சொற்பம்தான். தொட்டிச் செடியைப் படுக்கையறையில் வைக்கப் பயப்பட வேண்டியதில்லை.

என் சொல்லை நம்ப வேண்டாம், ஒரு மீட்டர் வாங்கி அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் பகலில் ஹாலில் 800 பக்கம் நிற்கும். கேஸ் அடுப்பில் சமையல் நடக்கும்போது 1000-ஐத் தாண்டும். இரண்டு பேர் கதவைச் சாத்திப் படுத்த அறையில் விடியற்காலை 1500-க்கு மேல் போயிருக்கும். லீமிங்டன்காரர்கள் காசு கொடுத்து வைக்கும் அளவு நமக்கு இலவசமாக இருக்கிறது, சொல்லப்போனால் நம் தலைவலிக்குக் காரணமாகும் அளவுக்கே இருக்கிறது. மீட்டர் வாங்கும்போது மட்டும் கவனம். உள்ளே அகச்சிவப்புச் சென்சார் இருக்க வேண்டும், பெட்டியில் என்.டி.ஐ.ஆர். என்று போட்டிருக்கும். மலிவு விலையில் வருகிறவற்றில் பல, காற்றில் இருக்கும் வேறு ஆவிகளை அளந்து கார்பன் டை ஆக்சைடை ஊகமாகக் காட்டுகிறவை, வெங்காயம் தாளித்தால் 2000 காட்டும். நல்ல மீட்டரிலும் ஒரு விஷயம் இருக்கிறது, பெரும்பாலானவை கடந்த சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு தாமே திருத்திக்கொள்ளும். ஜன்னலே திறக்காத பேஸ்மென்ட்டில் 700-க்குக் கீழே இறங்கவே இறங்காது, அந்த 700-ஐ மீட்டர் 400 என்று நினைத்துக்கொள்ளும், பிறகு காட்டுவதெல்லாம் குறைவாகவே இருக்கும். வாரம் ஒருமுறை வாசலுக்கு வெளியே கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள், குளிரில் மீட்டர் கெடாத அளவுக்கு இதமான நாளாகப் பார்த்து.

அப்புறம் ஏன் இலை கொட்டுகிறது? முதல் காரணம் வெளிச்சம்.

டிசம்பர் கடைசியில் டொராண்டோவில் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு, அதிலும் சூரியன் தாழ்ந்தே போகும், பாதி நாள் மேகம். செடிக்கு ஒரு நாள் முழுக்கக் கிடைக்கும் ஒளியை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை மோல் என்று கணக்கிடுவார்கள். தமிழ்நாட்டில் நல்ல வெயில் நாளில் திறந்தவெளியில் 40 மோல் அளவுக்கு வரும். இங்கே டிசம்பரில் தெற்குப் பார்த்த ஜன்னலுக்குள்கூடச் சில மோல்தான். நம் கண்ணுக்கு அறை வெளிச்சமாகத் தெரியும், கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அப்படி, செடிக்கு அந்த வசதி இல்லை. 40 மோல் வெயிலில் வளர்ந்த மரத்தை 2 மோலில் வைத்துவிட்டு அதன் மூக்கருகே கார்பன் டை ஆக்சைடைக் கொண்டுபோவதில் பலன் சொற்பம். ஒளிதான் அந்தக் கார்பனைச் சர்க்கரையாக மாற்றும் சக்தியைத் தருகிறது. ஒளி குறைவாக இருக்கும்போது கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினால் கிடைக்கும் லாபம், விளக்கை அரை அடி இறக்கினால் கிடைக்கும் லாபத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

என் அனுபவத்தில் கறிவேப்பிலைக்கு 12 மோலுக்கு மேல் கிடைத்தால் ஜனவரியிலும் துளிர் விடுகிறது. விளக்கின் பெட்டியில் மைக்ரோமோல் என்று ஒரு எண் இருக்கும். இலை மட்டத்தில் சதுர மீட்டருக்கு விநாடிக்கு 250 மைக்ரோமோல், 14 மணி நேரம் எரிந்தால் 12.6 மோல் ஆகும். அளக்கும் கருவி விலை அதிகம், அதனால் போனில் லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு) காட்டும் ஆப் போட்டுக்கொள்ளுங்கள், வெள்ளை எல்.இ.டி. என்றால் 16,000, 17,000 லக்ஸ் ஏறத்தாழ அந்த அளவு. போனின் சென்சார் துல்லியமானது இல்லை, ஆனால் 3,000-ல் நிற்கிறதா 15,000-ல் நிற்கிறதா என்று தெரிந்தாலே பாதிப் பிரச்சினை புரிந்துவிடும். 2 அடிக்கு 2 அடி இடத்துக்கு 50, 60 வாட் நல்ல எல்.இ.டி. போதும், மாதம் 25 யூனிட் மின்சாரம். ஊதா நிறத்தில் எரியும் விளக்கு வேண்டாம், அதன் கீழே இலையின் மஞ்சளையும் பூச்சியையும் பார்க்கவே முடியாது. இரவு முழுக்க எரியவிடவும் வேண்டாம், டைமர் போட்டு 14 மணி நேரத்தோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது விஷயம் ஈரப்பதம், கார்பன் டை ஆக்சைடுக் கதையின் முடிச்சே இதில்தான் இருக்கிறது. அறையில் 900 பி.பி.எம். இருந்தால் மட்டும் இலைக்குள் போய்விடாது, இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் நுண்ணிய துளைகள் திறந்திருக்க வேண்டும். அந்தத் துளை வழியாகத்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே போகிறது, தண்ணீரும் அதே வழியாக வெளியே போகிறது. வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கும் காற்றை வீட்டுக்குள் இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால், வேறு எங்கிருந்தும் ஈரம் சேராவிட்டால், ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்து அதை 20, 25-க்குக் கொண்டுவரும். 20 சதவீதக் காற்றின் தாகம் 60 சதவீதக் காற்றின் தாகத்தைப்போல இரு மடங்கு. இலையிலிருந்து அந்த வேகத்தில் தண்ணீர் போனால் செடி என்ன செய்யும்? துளைகளைச் சாத்திக்கொள்ளும். கதவு சாத்திய பிறகு வெளியே எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு இருந்து என்ன பயன். பையை வாங்கும் காசுக்கு ஹியூமிடிஃபயர் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆனால் வீடு முழுக்க 60 சதவீதம் வைக்கவும் கூடாது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழியும், சுவர் மூலையில் பூஞ்சை பிடிக்கும், குழந்தைகளுக்கு இருமல் வரும். இங்கேதான் குரோ டென்ட் உண்மையாகவே உதவுகிறது. வீடு 35-ல் இருக்கட்டும், டென்ட்டுக்குள் மட்டும் 55, 60 வைத்துக்கொள்ளலாம். வறண்ட காற்றில் சிலந்திப்பேன் சீக்கிரம் பெருகும், இலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலை அடிப்பக்கத்தை ஷவரில் நன்றாகக் கழுவுங்கள், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, மாதக்கணக்கில் விடாமல்.

மூன்றாவது, காற்று ஓட்டம். அசையாத காற்றில் ஒவ்வொரு இலையைச் சுற்றியும் ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இலை எடுத்துவிட்டால் புதிது வந்து சேர நேரமாகும். ஒரு சின்ன மேசை விசிறி போதும், நேராக அடிக்கக் கூடாது, இலை லேசாக ஆடினால் சரி. லெட்யூஸ் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதன் உள் இலைகளின் நுனி கருகினால் உரக் குறை என்று நினைத்துக் கால்சியம் கொட்டுவார்கள், பெரும்பாலும் உள்ளே காற்றுப் போகாததால் அந்த இளம் இலைக்குக் கால்சியம் ஏறாமல் இருப்பதுதான் காரணம். மேலிருந்து கீழே விசிறி வைத்தாலே குறையும்.

டென்ட்டின் எக்ஸாஸ்ட் விசிறி பற்றியும் சொல்ல வேண்டும், பையை விற்கிறவர்கள் மூச்சுவிடாத இடம் இது. 4 அடிக்கு 2 அடி, 5 அடி உயர டென்ட்டில் 40 கன அடிக் காற்று இருக்கிறது. சாதாரண 4 அங்குல விசிறி நடுத்தர வேகத்தில் நிமிடத்துக்கு 100 கன அடி இழுக்கும். அரை நிமிடத்துக்குள் மொத்தக் காற்றும் மாறிவிடுகிறது. பையிலிருந்து கசிவது எதுவாக இருந்தாலும் அரை நிமிடத்தில் ஹாலுக்கு வந்துவிடும், நீங்கள்தான் அதைச் சுவாசிப்பீர்கள். விசிறியை நிறுத்தினால் விளக்கின் சூடும் ஈரமும் ஏறிப் பூஞ்சை வரும். விசிறி ஓடட்டும், மெதுவாக. ஹாலில் இருக்கும் 800 பி.பி.எம். காற்று அதன் வழியாகவே உள்ளே வரும். ஈரப்பதம் 65-ஐத் தாண்டினால் வேகம் கூடி, 55-ல் மறுபடி மெதுவாகும்படி கன்ட்ரோலர் போட்டுவிட்டால் வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

வேரைப் பற்றிச் சுருக்கமாக. பேஸ்மென்ட்டின் கான்கிரீட் தரை குளிர்காலத்தில் சில்லென்று இருக்கும், தொட்டியை நேராகத் தரையில் வைத்தால் மேலே 22 டிகிரி இருந்தாலும் வேர் தூங்கிவிடும், அந்த வேருக்குத் தண்ணீர் ஊற்றினால் அழுகும். கீழே ஒரு தெர்மோகோல் பலகை போடுங்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். துளிர் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக இருந்தால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று அர்த்தம், இங்கே குழாய்த் தண்ணீர் கொஞ்சம் காரத்தன்மை உடையது. ஊரில் புளித்த மோர் ஊற்றுவோம், தோட்டத்தில் நல்ல வழக்கம்தான், மூடிய வீட்டுக்குள் ஊற்றினால் வாடையும் மண் கொசுவும் வரும். கீலேட் இரும்பு என்று கடையில் கிடைக்கும், அதைக் கரைத்து ஊற்றுங்கள்.

இனி நான் உண்மையாகவே பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். பை வாங்கினால் பணம் போகும், அவ்வளவுதான். சிலிண்டர், பர்னர், டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) அப்படி இல்லை. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் படிக்க வந்து பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள், ஜன்னல் என்று பேருக்கு ஒரு சின்னத் திறப்பு இருக்கும், அதே தளத்தில் வீட்டுக்காரர் டென்ட் போட்டிருப்பார். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனமானது, வாடை கிடையாது, கீழ்த்தளத்தில் தேங்கும். வேலையிடங்களில் 8 மணி நேரத்துக்கு 5,000 பி.பி.எம். என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், 40,000 உயிருக்கு உடனடி ஆபத்து. 9 கிலோ சிலிண்டர் ஒன்று இரவில் கசிந்து, மேலே சொன்ன 10 அடி அறைக்குள் முழுவதும் வெளியேறினால் அந்த அறைக் காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடாகிவிடும். 40,000-ஐப்போலப் பல மடங்கு. அந்த அறையில் தூங்குகிறவருக்கு எழுந்து கதவைத் திறக்கக்கூட நேரம் இருக்காது.

"வீட்டில்தான் அலாரம் இருக்கிறதே" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஒன்டாரியோவில் எரிபொருள் எரியும் வீடுகளில் படுக்கையறை அருகே கட்டாயம் வைக்க வேண்டிய அலாரம் கார்பன் மோனாக்சைடுக்கானது. கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு ஏறினாலும் அது வாயைத் திறக்காது. கேஸ் பர்னர் வைத்துக் கார்பன் டை ஆக்சைடு உண்டாக்குவது இன்னும் மோசம், சரியாக எரியாவிட்டால் மோனாக்சைடும் சேர்ந்து வரும், கூடவே எத்திலீன் என்ற வாயு வந்து பூவையும் மொட்டையும் உதிர்க்கும். வீட்டுக்குள் இதைச் செய்யவே செய்யாதீர்கள். வாடகைக்கு இருக்கும் இடத்தில் யாராவது சிலிண்டர் வைத்திருப்பதைப் பார்த்தால் கூச்சப்படாமல் கேளுங்கள், எடுக்கச் சொல்லுங்கள்.

பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்கவைத்துக் கார்பன் டை ஆக்சைடு எடுக்கும் முறையில் இந்த ஆபத்து இல்லை, ஆனால் பலனும் இல்லை. 1 கிலோ சர்க்கரை முழுக்கப் புளித்தால் அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், ஒருவர் அரை நாளில் விடும் மூச்சு. அந்தச் சர்க்கரையில் பொங்கல் வைக்கலாம்.

யாருக்காவது உண்மையாகவே கார்பன் டை ஆக்சைடு தேவைப்படலாமா என்று கேட்டால், ஆள் நடமாட்டமே இல்லாத மூடிய அறை, அதில் பலத்த விளக்கு, அடுக்கடுக்காகத் தட்டுகள், மீட்டர் பகலில் 350-க்குக் கீழே காட்டுகிறது என்றால் யோசிக்கலாம். அப்போதும் முதலில் செய்ய வேண்டியது அந்த அறைக் கதவைத் திறந்து, ஹாலில் இருந்து காற்றைத் தள்ள ஒரு விசிறி வைப்பது. எனக்குத் தெரிந்து வீட்டில் வளர்க்கும் யாருக்கும் அதற்கு மேல் தேவைப்பட்டதில்லை.

ஏற்கெனவே பை வாங்கித் தொங்கவிட்டவர்கள் பயப்பட வேண்டாம், கெடுதல் இல்லை, தீர்ந்ததும் புதிது வாங்காமல் விட்டுவிடுங்கள். இந்த வாரம் இலை மட்டத்தில் லக்ஸும், டென்ட்டுக்குள் ஈரப்பதமும், தொட்டி மண்ணின் சூடும் அளந்து எனக்கு எழுதுங்கள், செடியின் படத்தோடு. இலை முழுக்கக் கொட்டிவிட்டது என்று யாரும் தொட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் தண்ணீரைக் குறைத்து, விளக்கை இறக்கி, மார்ச் வரை பொறுங்கள். வெளியே எடுக்க மே கடைசி வாரம் வரை காத்திருங்கள், அதுவும் முதல் வாரம் நிழலில்தான், ஆறு மாதம் விளக்கில் இருந்த இலை நேரடி வெயிலில் ஒரே நாளில் வெளுத்துவிடும்.